ஆம்ப்ரோஸின் நீள வண்டிக்குப் பூசை

தண்ணீரில் ஊறிய நாடாவை ஆம்ப்ரோஸ் எக்ஸாஸ்ட் குழாயின்மேல் சுற்றிக்கொண்டிருந்தார். இடது கை குழாயைத் திருப்பும், வலது கை நாடாவை இழுத்துப் பிடிக்கும். ஒரு சுற்றின்மேல் அடுத்த சுற்று கால் அங்குலம் ஏறி உட்கார வேண்டும். தளர்ந்தால் முதல் சூட்டிலேயே நழுவிவிடும். குழாயின் சூடு வெளியே வராமல் தடுக்கும், கண்ணாடி நாரால் நெய்த நாடா அது. வெறும் கையால் தொட்டால் இரண்டு நாளைக்கு அரிக்கும். கையுறை போட்டால் இறுக்கம் தெரியாது என்று அவர் வெறும் கையாலேயே சுற்றினார்.

"பச்சைத் தண்ணில கழுவுங்க," என்று உள்ளேயிருந்து ரெஜினாவின் குரல் வந்தது. "சுடுதண்ணி ஊத்துனீங்கன்னா நாரு உள்ள போயிடும். அந்தக் கையோட சோத்துப் பானைகிட்ட வராதீங்க."

"சரி, சரி."

"சரி சரின்னா கேக்கறதில்லன்னு அர்த்தம்."

அது 2003 அக்டோபர், வெள்ளிக்கிழமை மதியம். லிங்கராஜபுரத்தில் ஒரு குறுக்குத் தெருவின் கடைசி வீடு. வாசலில் பாதி வீட்டுக்குள்ளும் பாதி தெருவிலுமாக ஒரு வெள்ளை பலேனோ ஆல்டுரா நின்றது. கூரை பின்கதவு வரைக்கும் நீளும் கார். டிக்கி என்று தனியாக எதுவும் கிடையாது. இங்கிலீஷில் ஸ்டேஷன் வேகன். வாங்கிவந்த புதிதில் எதிர்வீட்டு இஸ்திரிக்காரர், "ஸ்டேஷன் வண்டியா? எந்த ஸ்டேஷன், பானசவாடி போலீசா?" என்று கேட்டார். அதற்குப் பிறகு ஆம்ப்ரோஸ் நீள வண்டி என்றே சொல்லிவந்தார்.

ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்கு ஊரிலுள்ள நீள வண்டிக்காரர்கள் பல்லாரி ரோட்டுப் பக்கம் கூடுகிறார்கள். அதற்குள் இந்தக் குழாய் வண்டியில் ஏறியாக வேண்டும்.

ஆம்ப்ரோஸ் இருபத்தாறு வருஷம் ஓர் அரசாங்கத் தொழிற்சாலையில் ஃபிட்டராக இருந்தவர். ரெஜினா டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டர். பிள்ளைகள் இல்லை. 1991இல் அவருக்கு நாற்பத்திரண்டு வயது, அவளுக்கு முப்பத்தெட்டு. சனிக்கிழமை அரை நாள் வேலை முடிந்ததும் யெஸ்டி மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு இருவரும் ஊரைவிட்டு வெளியே போய்விடுவார்கள். ரெஜினா சேலையை முழங்காலிடுக்கில் செருகி இரண்டு பக்கமும் கால் போட்டு உட்காருவாள். தெருவில் நாலு பேர் பேசினார்கள். பேசட்டும் என்று விட்டாள். தேவனஹள்ளி தாண்டியதும் அவர் முதுகில் முஷ்டியால் குத்துவாள். "இவ்ளோதானா? பால்காரன் நம்மளத் தாண்டிப் போறான் பாருங்க." அவர் முறுக்குவார். நந்தி மலை அடிவாரத்தில் இறங்கும்போது அவள் தலைமுடி முழுக்கச் செம்மண் இருக்கும். சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வழிந்திருக்கும்.

1999இல் குளியலறையில் வழுக்கி விழுந்தாள். வலது தொடை எலும்பு இடுப்பு மூட்டுக்குப் பக்கத்தில் முறிந்தது. டாக்டர் மூட்டின் பந்தை எடுத்துவிட்டு உலோகப் பந்து வைத்தார். அறுவை சிகிச்சை நன்றாகவே நடந்தது. ஆறு வாரம் வாக்கர், பிறகு கைத்தடி, பிறகு தடியும் வேண்டாம் என்றுதான் சொன்னார்கள். ரெஜினா வாக்கரோடு நின்றுவிட்டாள். ஆஸ்பத்திரியிலிருந்து ஆட்டோவில் கூட்டிவந்தபோது ஒவ்வொரு பள்ளத்திலும் அவள் போட்ட கூச்சல் ஆம்ப்ரோஸின் காதில் இன்னும் இருந்தது. அதற்குப் பிறகு இரண்டு முறை பரிசோதனைக்குப் போனாள். அப்புறம் அதுவும் இல்லை. எலும்பு கூடிவிட்டது, தசையும் மோசமில்லை, பயம் மட்டும் போகவில்லை. இடுப்பு முறிந்தவர்களில் பாதிப் பேர் இப்படித்தான். மாத்திரை எழுதித் தர முடியாத இடம் அது. நடுக்கூடம், சமையலறை, ஜன்னலோர நாற்காலி என்று அவள் உலகம் நான்கு வருஷத்தில் முப்பது அடிக்குச் சுருங்கியது.

2001இல் ஆம்ப்ரோஸ் விருப்ப ஓய்வு வாங்கினார். வந்த பணத்தில் முதலில் செய்த காரியம் இந்த வண்டியை செகண்ட் ஹேண்டாக வாங்கியதுதான். வாசலில் நிறுத்திவிட்டு உள்ளே ஓடி வந்து, "ரெஜி, இனிமே ஆட்டோ தொல்லையே இல்ல. பின்னாடி சீட்டை மடிச்சா ஆறடி. நீ படுத்துக்கிட்டே வரலாம்," என்றார்.

அவள் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தாள். வெள்ளையாக, நீளமாக, பின்கதவு மேலே தூக்கியபடி நின்றது.

"படுத்துக்கிட்டு ஒரு நாளைக்கு இதுல போகத்தாங்க போறேன். அன்னைக்கு நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன்."

வேறொருவர் அதோடு விட்டிருப்பார். ஆம்ப்ரோஸ் ஃபிட்டர். பேச்சில் சரிசெய்ய முடியாததை இரும்பில் சரிசெய்யலாம் என்று நம்புகிறவர். ரெஜினாவின் மடக்குச் சக்கர நாற்காலியை அவர் ஒருவரே தூக்கி வைக்கத் தோதாக, வண்டியின் பின்தரையில் தேக்குப் பலகை பதித்து, அதில் வரிசையாக எட்டு நைலான் உருளைகள் பொருத்தினார். ஒரு விரலால் தள்ளினால் நாற்காலி வழுக்கிக்கொண்டு உள்ளே போகும். பெருமையோடு தள்ளிக் காட்டினார்.

ரெஜினா பார்த்துக்கொண்டே இருந்தாள். "கல்லறைக்குப் போற வண்டியில இதே மாதிரிதான் உருளை வெச்சிருப்பாங்க. பெட்டி சும்மா போகும்."

அன்றிலிருந்து அவள் அந்த வண்டிக்குப் பக்கத்தில்கூட வரவில்லை.

ஒரு பிரவுசிங் சென்டரில் நீள வண்டிக்காரர்களின் யாகூ குழுவை ஆம்ப்ரோஸ் கண்டுபிடித்தார். ஊர் முழுக்க மொத்தம் பதினோரு பேர். முக்கால்வாசி வைட்ஃபீல்டில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கும் பையன்கள். மாதம் ஒரு ஞாயிறு, மனை பிரித்து ரோடு போட்டு வீடு மட்டும் வராத ஒரு லேஅவுட்டில் கூடுவார்கள். வண்டிகளை வரிசையாக நிறுத்தி பானெட்டைத் திறந்து வைப்பார்கள். ஒருவர் வண்டியை ஒருவர் சுற்றிச் சுற்றி வருவார்கள். எக்ஸாஸ்ட் உறுமலைக் கண்ணை மூடிக்கொண்டு கேட்பார்கள். உமேஷ் என்பவர் பின்பக்கம் முழுக்க ஸ்பீக்கர் அடைத்திருந்தார். அவர் பாட்டுப் போட்டால் டீக்கடைக்காரரின் கண்ணாடி டம்ளர்கள் தாமாகவே நகரும். கடைசியில் காலியான ரோட்டில் இரண்டிரண்டு வண்டியாக ஓட்டிப் பார்ப்பார்கள்.

முதல் தடவை போனபோது ஆம்ப்ரோஸை ஓரமாகத்தான் நிற்க வைத்தார்கள். பானெட்டைத் திறந்ததும் கூட்டம் வந்துவிட்டது. எஞ்சின் புகையை எக்ஸாஸ்டுக்குக் கொண்டுபோகும் நான்கு குழாய்களும் ஒரே நீளம் வரும்படி வளைத்து அவரே செய்த ஹெடர். வெல்டிங் வைத்த தையல் ஒவ்வொன்றும் காசு அடுக்கிய மாதிரி.

"அங்கிள், இது எந்த கம்பெனி?" என்று சஞ்சய் கேட்டான். குழுவை நடத்துகிறவன் அவன். சேலத்துப் பையன்.

"வலது கை கம்பெனி."

சிரித்தார்கள். பிறகு பின்கதவைத் திறந்து பார்த்த சஞ்சய், "உருளை எதுக்கு அங்கிள்?" என்றான்.

"வீட்ல அவங்களுக்குக் கால் முடியாது. வீல்சேர் ஏத்த."

"ஓ. ஆன்ட்டி எப்ப வருவாங்க?"

"அடுத்த தடவை."

அடுத்த தடவை என்பது பதினான்கு மாதமாக ஓடிக்கொண்டிருந்தது. ஆம்ப்ரோஸ் என்ற பெயரையும் உருளையையும் சேர்த்துப் பையன்கள் அவருக்கு ஆம்புலன்ஸ் அங்கிள் என்று பெயர் வைத்துவிட்டார்கள். அவர் கோபித்துக்கொள்ளவில்லை. ஆனால் ஒவ்வொரு கூட்டத்திலும் பக்கத்து வண்டிகளில் இறங்கும் பெண்களைப் பார்ப்பார். ஒருத்தி தூக்கக் கலக்கத்தில் முன்சீட்டிலேயே சுருண்டிருப்பாள். இன்னொருத்தி டாஷ்போர்டில் காலை நீட்டி இட்லி தின்பாள். அவர் வண்டியின் இடது முன்சீட்டில் பிளாஸ்டிக் உறைகூட இன்னும் கிழியவில்லை. யாரும் உட்காராத சீட்டு புதிதாகவே இருந்தது.

அவருக்கு வேண்டியது பெரிதாக ஒன்றும் இல்லை. ரெஜினா ஒரு தடவை அந்தச் சீட்டில் உட்கார வேண்டும். அதற்காகத்தான் வண்டியை வேகமாக்கினார், உறும வைத்தார், போன வாரம் சஞ்சய் வரவழைத்துக் கொடுத்த குட்டை ஸ்பிரிங் நான்கையும் மாட்டி வண்டியைத் தரையோடு தாழ்த்தினார். 1991இல் அவளுக்கு எது பிடித்ததோ அதையெல்லாம் செய்தார். 2003இல் அவளுக்கு எது முடியும் என்று யோசிக்கவில்லை.

குழாய் மாட்டி முடித்ததும் பச்சைத் தண்ணீரில் கை கழுவிவிட்டு ஆம்ப்ரோஸ் பஸ் ஸ்டாப்புக்குப் போனார். மறுநாள் ஆயுத பூஜை. அவர் ஞாயிறு தவறாமல் கோவிலுக்குப் போகும் கத்தோலிக்கர்தான். ஆனால் தொழிற்சாலையில் இருபத்தாறு வருஷமும் அவருடைய வொர்க் பெஞ்சுக்கு ஆயுத பூஜை நடந்திருக்கிறது. பக்கத்து பெஞ்சு கோவிந்தப்பா பொட்டு வைப்பார், இவர் பொரியை வாங்கித் தின்பார். ஓய்வு பெற்ற பின்பும் அந்த ஏற்பாடு மாறவில்லை. பெஞ்சுக்குப் பதில் வண்டி, அவ்வளவுதான்.

பஸ் ஸ்டாப்பில் பூக்கட்டும் ருக்மிணியிடம், "நாளைக்கு வீட்ல பூசைம்மா. பெரிய வண்டி. முன்னாடி, பின்னாடி, ரெண்டு பக்கமும் சுத்தி வர்ற மாதிரி வேணும்," என்றார்.

"சாமந்தி போட்டுடலாம்ணே. மஞ்சளு."

"மஞ்சள் வேணாம். எல்லா லாரியும் அதான் போட்டிருக்கும். வெள்ளையா போடு. வெள்ளை வண்டிக்கு வெள்ளைப் பூ. பாக்க டீசென்டா இருக்கும்."

ருக்மிணி ஒரு நொடி நிமிர்ந்து பார்த்தாள். "பத்து மணிக்கு அனுப்பறேன்ணே."

தப்பு நடந்தது இந்த இடத்தில்தான். பூசை என்ற சொல்லை ருக்மிணி ஒரு விதமாகவும் லிங்கராஜபுரத்துக் கோவில்காரர்கள் வேறு விதமாகவும் கேட்பார்கள். அவர்களுக்குப் பூசை என்றால் பாதிரியார் நிறைவேற்றும் திருப்பலி. வீட்டில் பூசை என்றால் பாதிரியார் வீட்டுக்கு வருகிறார். அதிலும் ஒரு வீட்டில் நான்கு வருஷமாக வெளியே வராத நோயாளி இருந்தால், அது என்ன பூசை என்று யாரும் கேட்க மாட்டார்கள்.

சனிக்கிழமை காலை பிலோமினா டீச்சர் பூ வாங்க வந்தார். கோவிலின் செபக்குழுத் தலைவி. ருக்மிணியின் மடியில் வெள்ளைச் சாமந்தி மலைபோலக் குவிந்திருந்தது.

"இவ்வளவு வெள்ளைப் பூவா? யாருக்கு?"

"கடைசி வீட்டு ஆம்ப்ரோஸ் அண்ணனுக்குங்க. வீட்ல பூசையாம். வண்டி சுத்தக் கேட்டாரு."

டீச்சர் நெற்றியிலும் தோளிலும் சிலுவை வரைந்துகொண்டார். "எப்பவாம்?"

"பத்து மணிக்குங்க."

இருவருக்கும் எல்லாம் தெளிவாகப் புரிந்துவிட்டது.

பதினோரு மணிக்கு வண்டி தயார். வெள்ளைச் சாமந்திச் சரம் கூரையின் நான்கு ஓரமும் தொங்கியது. கழுவிய தேக்குப் பலகை காயட்டும் என்று பின்கதவைத் தூக்கி வைத்திருந்தார்கள், உருளைகளுக்குப் புதிதாக எண்ணெய் விட்டிருந்தது. நான்கு சக்கரத்துக்கும் அடியில் எலுமிச்சம்பழம். கோவிந்தப்பா பூசணிக்காயில் துளை போட்டு உள்ளே குங்குமத்தைக் கொட்டிக்கொண்டிருந்தார். தமிழில் பாதி, கன்னடத்தில் பாதி என்றுதான் அவர் பேசுவார்.

"நோடப்பா ஆம்ப்ரோஸ், ஏனு வண்டி இது! கல்யாண மாப்பிள்ளை மாதிரி நிக்குது. ஆனா ஒண்ணு சொல்றேன், தப்பா எடுத்துக்காதே."

"சொல்லு."

"பூ வெள்ளையா போட்டது சரியில்ல. என்னமோ மாதிரி இருக்கு."

"உனக்கு டேஸ்ட் இல்ல. ஒடை."

கோவிந்தப்பா பூசணிக்காயைத் தலைக்குமேல் தூக்கிச் சுற்றித் தெருவில் போட்டு உடைத்தார். சிவப்புச் சதை நாலா பக்கமும் சிதறியது. அது போய் விழுந்தது பிலோமினா டீச்சரின் செருப்பில். டீச்சருக்குப் பின்னால் வெள்ளைச் சேலை கட்டிய எட்டுப் பெண்கள், கையில் செபமாலையோடு. அவர்களுக்குப் பின்னால் இருவர் ஒரு மலர்வளையத்தை ஆளுக்கொரு பக்கம் பிடித்திருந்தார்கள். கடைசியில் பந்தல்காரர் ராயப்பன் தலையில் ஆறு பிளாஸ்டிக் நாற்காலிகளை அடுக்கிக்கொண்டு நின்றார்.

"ஆம்ப்ரோஸ்," என்று டீச்சர் அவர் கையைப் பிடித்துக்கொண்டார். கண் கலங்கியிருந்தது. "எப்பப்பா?"

"பத்து மணிக்கே ஆரம்பிச்சிருக்கணும் டீச்சர். கோவிந்தப்பாதான் லேட்டு."

டீச்சருக்கு இது புரியவில்லை. துக்கத்தில் ஆண்கள் ஏதாவது உளறுவது வழக்கம்தான் என்று விட்டுவிட்டார். "கஷ்டப்பட்டாளா?"

"யாரு?"

"எல்லாருக்கும் போற வழிதான். நாலு வருஷமா அந்த நாற்காலியே கதின்னு கெடந்தா. நல்ல மனுசி. வாய்தான் கொஞ்சம் அதிகம், செத்தவங்களப் பத்திச் சொல்லக்கூடாது. ஒரு விதத்துல பாத்தா அவளுக்கும் விடுதலை, உனக்கும் விடுதலை."

பின்னாலிருந்த பெண்கள் இறந்தவர்களுக்கான செபத்தை மெல்ல ஆரம்பித்துவிட்டார்கள். ராயப்பன் நாற்காலிகளை இறக்கி வாசலோரம் வரிசையாகப் போட்டார்.

ஆம்ப்ரோஸ் வண்டியைப் பார்த்தார். பூவைப் பார்த்தார். தூக்கி நிற்கும் பின்கதவையும் எட்டு உருளைகளையும் பார்த்தார். அப்போதுதான் அவருக்குப் புரிந்தது.

"டீச்சர்," என்று ஜன்னலிலிருந்து ரெஜினாவின் குரல் வந்தது. "யாருக்கு விடுதலைன்னு இன்னொரு தடவை சொல்லுங்க. சரியா கேக்கல."

ஒரு பெண் வீலென்று கத்தினாள். மலர்வளையம் சாக்கடை ஓரம் சாய்ந்தது. ராயப்பன் போட்ட நாற்காலியில் அவரே உட்கார்ந்துவிட்டார். முதலில் சிரிப்பு வந்தது கோவிந்தப்பாவுக்குத்தான். அது வந்த பிறகு யாராலும் அடக்க முடியவில்லை.

"வந்தது வந்துட்டீங்க, காபி குடிச்சிட்டுப் போங்க," என்றாள் ரெஜினா. "என்னங்க, பாலு ரெண்டு பாக்கெட் வாங்கிட்டு வாங்க. அந்த வளையத்த உள்ள கொண்டாங்க, நான் பாக்கணும். செத்தப்புறம் பாக்க முடியாதில்ல."

எல்லாரும் உள்ளே வந்தார்கள். கூடத்தில் இடம் போதாமல் ராயப்பனின் நாற்காலிகளும் உள்ளே வந்தன. டீச்சர் நாலு முறை மன்னிப்புக் கேட்டார். ரெஜினா வளையத்தை மடியில் வைத்துக்கொண்டு, "ரோஜாவா வெச்சிருக்கீங்களே, நான் சாமந்திக்குத்தான் பெறுவேன்னு நெனச்சேன்," என்றாள். எக்ஸ்சேஞ்சில் வேலை பார்த்த காலத்துக் கதைகளைச் சொல்லிச் சிரிக்க வைத்தாள். ஒன்றரை மணி நேரம் கழித்துத்தான் கலைந்தார்கள்.

ஆம்ப்ரோஸ் டம்ளர்களைக் கழுவிக்கொண்டிருந்தார். ரெஜினா ஜன்னலோரம் சும்மா உட்கார்ந்திருந்தாள்.

"நாலு வருஷத்துல இந்த வீட்டுக்கு இத்தனை பேர் வந்ததில்ல," என்றாள்.

"ம்."

"பூவு போட்ட ஒரு வண்டி. அவ்ளோதான். ஒருத்தர்கூட சந்தேகப்படல. உயிரோட இருக்காளான்னு ஒருத்தர் கேக்கல. எல்லாரும் உடனே நம்பிட்டாங்க."

"அது என் தப்பு ரெஜி. அந்தப் பூவு..."

"உங்க தப்பு இல்ல. செத்தவ மாதிரி இருந்தா நம்பத்தான் செய்வாங்க." முழங்காலின் மேல் இரண்டு கையையும் வைத்து அழுத்திக்கொண்டாள். "நாளைக்குக் காலைல பூசை முடிஞ்சு கோவில் வாசல்ல எல்லாரும் நிப்பாங்கல்ல?"

"எட்டு மணிக்கு."

"என்னை அங்க கூட்டிட்டுப் போங்க. அந்த வண்டியில. முன் சீட்டுல."

ஆம்ப்ரோஸ் பாதி கழுவிய டம்ளரைத் தொட்டியிலேயே வைத்துவிட்டு வந்தார். எட்டு மணிக்கு அவர் பல்லாரி ரோட்டில் இருக்க வேண்டும். அது அவருக்கு ஞாபகம்கூட வரவில்லை.

நாலு மணிக்கு ஒரு ஒத்திகை பார்த்தார்கள். வாக்கரை நகர்த்தி நகர்த்தி வாசல் வரை வர பத்து நிமிஷம் ஆனது. ரெஜினா முதுகைச் சீட்டுப் பக்கம் திருப்பி நின்றாள், மெல்லத் தாழ்ந்தாள், பாதியில் நின்றுவிட்டாள். சீட்டு இன்னும் கீழே இருந்தது. இடுப்பில் உலோகம் வைத்தவர்கள் முழங்காலைவிட இடுப்பு தாழும்படி உட்காரக் கூடாது. அவள் ஆறடிக்கு ஓரிரு அங்குலமே குறைந்தவள். குட்டை ஸ்பிரிங் மாட்டி ஒன்றரை அங்குலம் தாழ்த்திய சீட்டில் உட்கார்ந்தால் முழங்கால் நெஞ்சுக்கு வரும். உதட்டைக் கடித்துக்கொண்டு தொங்கியபடி இருந்தவளை ஆம்ப்ரோஸ் தூக்கி நிறுத்தினார்.

"என்ன பண்ணீங்க இந்த வண்டிய? போன மாசம் ஜன்னல்லருந்து பாத்தப்ப இவ்ளோ பள்ளமா இல்லையே."

"தாழ்த்திட்டேன். பாக்க நல்லாருக்கும்னு. ரோட்டப் புடிச்சு ஓடும்னு."

"யாருக்குப் பாக்க?"

அவர் கட்டிலுக்கடியிலிருந்து பழைய ஸ்பிரிங்குகளை இழுத்து எடுத்தார். நான்கையும் மாற்ற ஒரு முழு நாள் வேண்டும். இருட்டுவதற்கு இரண்டு மணி நேரமே இருந்தது. ஆனாலும் ஜாக்கியைத் தேடிப் போனார்.

"வெச்சிடுங்க," என்றாள் ரெஜினா. "நாளைக்கு இப்படியே போறோம். கார்ல எப்படி ஏறி உக்கார்றதுன்னு ஆஸ்பத்திரியில பிசியோதெரபி பொண்ணு சொல்லிக் குடுத்ததெல்லாம் எனக்கு ஞாபகம் இருக்கு. நான்தான் செய்யல."

ஞாயிற்றுக்கிழமை காலை ஏழே காலுக்கு ஆம்ப்ரோஸ் வண்டியின் இடது பக்கச் சக்கரங்களைச் சாக்கடை மூடியிருந்த கல்பலகையின்மேல் ஏற்றினார். அதனால் சீட்டு ஆறு அங்குலம் உயர்ந்தது. ரெஜினா கல்பலகைக்கு அந்தப் பக்கம், ரோட்டு மட்டத்திலேயே இருந்த வாசல் தரையில் நின்றாள். சீட்டைக் கடைசி வரை பின்னால் தள்ளி, சாய்மானத்தை இறக்கி, தேங்காய் நார் திண்டு ஒன்றை வைத்தார். ஸ்பாஞ்சு வைத்தால் அமுங்கும், நார் அமுங்காது. ரெஜினா சொன்னாள் என்று அதன்மேல் ஜவுளிக்கடை பிளாஸ்டிக் பையை விரித்தார்.

"பை எதுக்கு?" என்று கேட்டார்.

"துணி ஒட்டும். பை வழுக்கும். உக்காந்தப்புறம் திரும்ப வசதி. பேசாம புடிங்க. என் கக்கத்துல கை குடுக்காதீங்க, தோளு கழண்டுடும். இடுப்புல கட்டியிருக்கற பட்டியப் புடிங்க."

காலின் பின்பக்கம் வண்டியைத் தொடும் வரை ரெஜினா பின்னால் நகர்ந்தாள். வலது காலை முன்னால் நீட்டினாள். ஒரு கை டாஷ்போர்டில், ஒரு கை சீட்டின் முதுகில். கதவைப் பிடிக்கவில்லை, கதவு அசையும். உட்கார்ந்தாள். பின்னால் சாய்ந்துகொண்டு இரண்டு காலையும் ஒன்றாகச் சேர்த்து உள்ளே திருப்பினாள். பை சரசரவென்று சத்தம் போட்டது. இடது முன்சீட்டில் ரெஜினா இருந்தாள். முகமெல்லாம் வியர்வை.

"கதவ மூடுங்க. பெல்ட்ட நானே போட்டுக்கறேன்."

தெருமுனை வரை ஆம்ப்ரோஸ் முதல் கியரிலேயே ஓட்டினார். ஒவ்வொரு பள்ளத்துக்கும் முன்னால் நின்று, வண்டியை மெல்ல இறக்கி, ஏற்றினார். கைப்பிடியைப் பிடித்திருந்த அவள் விரல்கள் வெளுத்திருந்தன. கத்தவில்லை. மெயின் ரோட்டில் இரண்டாவது கியர் போட்டார். நாலு குழாயும் ஒரே நீளமான அந்த ஹெடர் பாட ஆரம்பிக்கும் வேகத்துக்கு இன்னும் நிறைய தூரம் இருந்தது. பக்கத்தில் சைக்கிளில் ஒருவர் முந்திக்கொண்டு போனார். ரெஜினா அவர் போவதையே பார்த்தாள்.

கோவில் வாசலில் சரியாக எட்டு மணிக்குக் கூட்டம் வெளியே வந்தது. ஆம்ப்ரோஸ் எதிர்ப்புறம் வண்டியை நிறுத்தி, எஞ்சினை அணைக்கும் முன் ஒரு தடவை ஆக்ஸிலரேட்டரை மிதித்தார். உறுமலில் வாசலில் நின்ற அத்தனை பேரும் திரும்பினார்கள்.

"சே, வேணுமா இது?" என்றாள் ரெஜினா. ஆனால் கண்ணாடியை இறக்கிக்கொண்டிருந்தாள்.

முதலில் ஓடி வந்தது பிலோமினா டீச்சர். பிறகு நேற்று வெள்ளைச் சேலையில் வந்த பெண்கள். பிறகு நேற்றைய செய்தியைக் கேட்டும் உண்மையை இன்னும் கேட்காதவர்கள். ஒவ்வொருவராக ஜன்னலுக்குள் கை நீட்டித் தொட்டுப் பார்த்தார்கள். பாதர்கூட அங்கியோடு ரோட்டைத் தாண்டி வந்தார். ரெஜினா ஒவ்வொருவருக்கும் ஒரு வார்த்தை சொன்னாள். ஆம்ப்ரோஸ் ஸ்டியரிங்கில் கையை வைத்தபடி நேராகப் பார்த்துக்கொண்டிருந்தார். பல்லாரி ரோட்டில் இந்நேரம் பத்து பானெட்டுகளும் திறந்திருக்கும். தன்னுடையது மூடியே இருக்கட்டும் என்றிருந்தது அவருக்கு.

இருபது நிமிஷம் ஆனதும் ரெஜினா, "போலாம்," என்றாள்.

"அப்படியே ரிங் ரோடு வரைக்கும்? ரோடு நல்லாருக்கு. அஞ்சு நிமிஷம்."

அவள் அவரைப் பார்த்தாள். போக அவளுக்கும் ஆசை இருந்தது. அது முகத்திலேயே தெரிந்தது. பிறகு கண்ணை மூடிக்கொண்டாள். "வலிக்குதுங்க. பள்ளத்துல ஒக்காந்த மாதிரியே இருக்கு. இதுல இதுக்கு மேல முடியாது."

வீட்டுக்குத் திரும்பினார்கள். கல்பலகையில் வண்டியை ஏற்றி, போன வழியிலேயே அவளை வெளியே எடுத்தார். கட்டிலில் படுக்கவைத்து, முழங்காலுக்கடியில் தலையணை வைத்து, இடுப்புக்குச் சுடுதண்ணீர்ப் பை வைத்தார். ஒன்பதரைக்கு அவள் தூங்கிவிட்டாள்.

டெலிபோன் அடித்தது. சஞ்சய்.

"எங்க அங்கிள்? எல்லாரும் உங்க ஹெடர கேக்கறாங்க."

"இன்னைக்கு முடியல தம்பி. உன் ஸ்பிரிங் நாலையும் கழட்டிக் குடுத்துடறேன். வேற யாருக்காவது போடு."

"ஏன் அங்கிள்? செட் ஆகலையா?"

"ஆன்ட்டிக்கு செட் ஆகல."

"ஆன்ட்டி உக்காந்தாங்களா?"

"ரெண்டாவது கியர் வரைக்கும்," என்று சொல்லிவிட்டு ஆம்ப்ரோஸ் போனை வைத்தார். கோவிலுக்குப் போட்டிருந்த சட்டையைக்கூடக் கழற்றாமல் வாசலுக்குப் போய், வண்டிக்கடியில் ஜாக்கியைத் தள்ளி, இடது முன்சக்கரத்தின் நட்டுகளைத் தளர்த்த ஆரம்பித்தார்.